இரண்டாவது மணி

பிப்ரவரி 9

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். நீங்கள் நலமாக இருக்கத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக உங்களை மூட்டை கட்டி மகள் வீட்டுக்கு அனுப்பினோம். அதனால் நலமா என்று கேட்க மாட்டேன். இல்லை என்று பதில் வந்தால் மருமகளிடம்தான் கணக்குக் கேட்பேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்கிறாள் உங்கள் தங்கச்சி. போனில் நாம் இரண்டு பேரும் “சாப்பிட்டாச்சா”, “சாப்பிட்டாச்சு” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறோமே. நம் மாடி பஸ்ஸிலும் நாம் பேசிக்கொண்டதில்லை. நீங்கள் முன்னால் கண்ணாடிக்குள், நான் பின்னால் படிக்கட்டில். ஒரு மணி அடித்தால் நில், இரண்டு மணி அடித்தால் போ. இத்தனை வருஷமாக நமக்குள் இருந்த பேச்சு அதுதான். அதற்கு மேல் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எனக்கு எழுதத்தான் வரும்.

அன்றைக்கு நடந்ததை நீங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மார்க்கெட் நிறுத்தத்தில் ஆட்களை ஏற்றிவிட்டு இரண்டு மணி அடித்தேன். வண்டி நகரவில்லை. மறுபடியும் அடித்தேன். “என்ன மச்சான், தூக்கமா?” என்று கத்திக்கொண்டே மேல்மாடியிலிருந்து இறங்கி வந்தால், நீங்கள் ஸ்டியரிங்கில் தலைவைத்துக் கிடக்கிறீர்கள். ஹேண்ட் பிரேக் இழுத்திருக்கிறது. வண்டி கோடு போட்ட மாதிரி நிற்கிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்ட நேரத்திலும் வண்டியைக் கோணலாக நிறுத்தாத மனிதர். அதை நினைத்தால் கோபம் வருகிறதா பெருமை வருகிறதா என்று எனக்கே புரியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பிடித்துக் கேட்டேன். “ஒரே டிப்போ, ஒரே கேன்டீன் சாப்பாடு, சிகரெட்டைக்கூடப் பாதி பாதியாத்தான் குடிச்சோம். இவருக்கு வந்தது எனக்கு ஏன் வரல?” அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அவர் நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கார். நீங்க மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கிட்டே இருக்கீங்க. அது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல மாட்டேன். அதுவும் ஒரு காரணம்” என்றார். அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. மாடி பஸ்ஸின் படிக்கட்டுதான் என் வைத்தியர் என்று டிப்போ முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

ஜூன் மாதம் மருத்துவக் குழு உங்களைப் பார்க்கும். ஓட்டலாம் என்று சொல்லும். நம் வண்டி காத்திருக்கிறது, நானும்.

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 3

மாப்பிள்ளை,

தங்கச்சி புருஷனை ‘நீங்கள்’ என்று எழுத வேண்டுமாம், மகள் பாடம் எடுக்கிறாள். நீ எனக்கு முதலில் கண்டக்டர், அப்புறம்தான் மாப்பிள்ளை. அதனால் நீதான்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். இந்த வீட்டில் அது என் தட்டிலே. மகள் பாசக்காரிதான், ஆனால் அவள் பாசத்தில் உப்பு, எண்ணெய், சர்க்கரை எதுவும் கிடையாது. இதில் நடை வேறு. “நடங்கப்பா” என்றாள். எங்கே போக வேண்டும் என்று கேட்டேன். “எங்கேயும் இல்லப்பா, சும்மா நடங்க.” எங்கேயும் போகாத வண்டியை நான் ஓட்டியதே இல்லை. தெருமுனை வரை போவேன், யார் வீட்டு வாசலிலாவது நின்று நாய்க்குட்டியைப் பார்ப்பேன், திரும்பிவிடுவேன். ஒரு வாரத்தில் நாய்க்கே என் மேல் சலிப்பு வந்துவிட்டது.

அப்புறம் அவள் ஒரு வேலை செய்தாள். அவள் வேலை பார்க்கிற நூலகத்தில், படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிற புத்தகங்களை அந்தந்த அலமாரியில் கொண்டுபோய் வைக்க ஆள் தேவைப்பட்டது. டாக்டரிடமும் கேட்டுவிட்டு என்னைச் சேர்த்துவிட்டாள். அரை நாள் வேலை. மூன்று மாடிக் கட்டடம். லிஃப்ட் உண்டு, ஆனால் அது புத்தக வண்டி மட்டும் போகிற அளவு சின்னது. வண்டியை அதில் ஏற்றிவிட்டு நான் படியேறிப் போய் மேலே அதை வாங்கிக்கொள்ள வேண்டும். மாடி பஸ்ஸையே வளைத்து ஓட்டியவன் இப்போது நான்கு சின்னச் சக்கரத்தைத் தள்ளுகிறேன். குண்டுச்சட்டியில் குதிரை ஓட்டுவது என்றால் என்னவென்று இப்போதுதான் தெரிகிறது. அலமாரி முனையில் திரும்பும்போது என்னை அறியாமல் கையை வெளியே நீட்டிவிடுகிறேன். வாசிக்க வருகிற பெண்பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

முதல் வாரம் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. இப்போது லிஃப்ட் மேலே வருவதற்குள் நான் போய் நின்றுவிடுகிறேன். நீ செய்துகொண்டிருந்த வேலைதான் இது, மாப்பிள்ளை. ஏறு, இறங்கு, குனி, நிமிர். நான் சொகுசாக உட்கார்ந்திருந்தபோது நீ பின்னால் இதைத்தான் செய்துகொண்டிருந்தாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஒரு உதவி. உன் வீட்டுப் பெட்டியில் என் சீருடை பேன்ட் இரண்டு இருக்கிறது. அனுப்பி வை. இடுப்பு இளைத்துவிட்டது. குழுவுக்கு முன்னால் தொளதொள என்று போய் நிற்கக் கூடாது, மகள் பிடித்துத் தருவாள்.

உன் மச்சான்


மார்ச் 27

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். நாய்க்குட்டி வரைக்கும் உங்கள் தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். பாதிப் படியில் உட்கார்ந்ததைப் படித்ததும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டிப்போவிலிருந்து யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிந்தால் எனக்கு அசிங்கம். நான் இப்போது நம் வண்டியில் இல்லை. நீங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே நம் வண்டிக்கு ஒரு பெண்ணை டிரைவராகப் போட்டார்கள். இளம்பிள்ளை, கெட்டிக்காரி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் முதல் நாள் மணிக் கயிற்றில் கையை வைத்தேன், இழுக்க வரவில்லை. முன்னால் கண்ணாடிக்குள் உங்கள் பின்மண்டை இல்லை. அங்கே ஒரு சடை தொங்குகிறது. நேராக மேனேஜரிடம் போனேன். “மச்சான் திரும்பி வர்ற வரைக்கும் வேற யாருக்கும் மணி அடிக்க மாட்டேன். வேற வேலை எதுனாலும் குடுங்க” என்றேன். மனிதர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “பாஸ் கவுண்டர்ல உட்கார்றியா?” என்றார். உட்கார்ந்துவிட்டேன்.

வைத்தியர் படிக்கட்டு என்று போன கடிதத்தில் அளந்தது பழைய பெருமை. இப்போது எனக்கு ராஜ வாழ்க்கை. சுற்றுகிற நாற்காலி, தலைக்கு மேல் மின்விசிறி, டீ மேஜைக்கே வரும். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவையும் அங்கேயே திறந்துவிடுவேன். நாள் முழுக்க ரப்பர் முத்திரை குத்துவதில் இடது தோள் மட்டும் வலிக்கிறது. வீட்டுக்கு வந்தால் கொஞ்சம் வாயுத் தொல்லை, ஒரு சோடா குடித்தால் அடங்கிவிடும்.

புதிதாக ஒரு சிநேகிதர். நம் கட்டடத்தில் இரண்டாம் மாடித் திருப்பத்தில் டிப்போ தையல்காரர் மெஷின் போட்டிருக்கிறார். தினமும் சாயங்காலம் அங்கே நின்று அவரிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் மூன்றாம் மாடியில் வீட்டுக்கு ஏறுகிறேன். நல்ல மனிதர், பேச்சுக்கு ஆள் இல்லாமல் இருக்கிறார்.

பேன்ட் சலவைக்குப் போயிருக்கிறது. வந்ததும் அனுப்புகிறேன்.

உங்கள் மாப்பிள்ளை


ஏப்ரல் 5

மாப்பிள்ளை,

இந்தக் கடிதத்தில் கேலி கிடையாது. உட்கார்ந்து படி. இல்லை, உட்கார்ந்தது போதும், நின்றுகொண்டே படி.

முத்திரை எந்தக் கையால் குத்துகிறாய்? சீட்டுக் கிழித்த கையால்தானே? அது வலது கை. அப்படியானால் இடது தோள் எதற்காக வலிக்கிறது?

அந்தத் தையல்காரரை எனக்கு இருபது வருஷமாகத் தெரியும். வாயைத் திறந்தால் குண்டூசி கொட்டிவிடும் என்று பேசவே மாட்டார். நீ அவரிடம் பேசுவதற்காக நிற்கவில்லை. மூச்சு வாங்குவதற்காக நிற்கிறாய். யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று அவரிடம் பேசுகிறாய். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. எனக்கு வருவதற்கு முன்னால் டிப்போ மேட்டில் ஏறும்போது நான் தினமும் அறிவிப்புப் பலகையைப் படித்துக்கொண்டு நிற்பேன், ஞாபகம் இருக்கிறதா? “மச்சானுக்கு என்ன திடீர்னு படிப்பு மேல ஆசை” என்று நீதான் சிரித்தாய். மாசக்கணக்கில் அதே பலகை, அதே அறிவிப்பு. எனக்கும் வாயுதான் என்றேன். சோடா வாங்கிக் கொடுத்தது நீ. இரண்டு பேரும் சேர்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தபோது என் நெஞ்சு உள்ளே ஒரு மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் வண்டியை நிறுத்தவில்லை.

பேன்ட் எங்கே இருக்கிறது என்றும் எனக்குத் தெரிகிறது. சலவைக்காரரை வீணாக இழுக்காதே.

நேற்று உனக்கு போன் செய்தேன். இதையெல்லாம் சொல்லத்தான் செய்தேன். நீ எடுத்ததும் என் வாய் “சாப்பிட்டாச்சா?” என்றது. நீ “சாப்பிட்டாச்சு” என்றாய். வைத்துவிட்டோம். நம்மைப் போல முட்டாள்கள் உண்டா?

நாளைக் காலையிலேயே டாக்டரிடம் போ. இந்தக் கடிதத்தை என் தங்கச்சியிடம் காட்டு. எனக்கு ஒரே ஒரு தங்கச்சி, அவளுக்கு ஒரே ஒரு புருஷன். எனக்கும் உன்னைப் போல வேறு மாப்பிள்ளை கிடையாது.

உன் மச்சான்


ஏப்ரல் 13

மச்சானுக்கு,

நூலகத்தில் புத்தகம் அடுக்கினால் டாக்டர் ஆகிவிடலாம் என்று தெரியாமல் போயிற்று. தெரிந்திருந்தால் சின்ன வயதிலேயே அடுக்கியிருப்பேன்.

எனக்கு ஒன்றும் இல்லை. வயசாகிறது, வெயில் அடிக்கிறது, மாடி உயரம். நின்று பேசினால் அதற்குக்கூடக் காரணம் சொல்ல வேண்டுமா? உங்கள் கடிதத்தை அவளிடம் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன்.

என்னைக் கேள்வி கேட்டீர்களே, நானும் ஒன்று கேட்கிறேன். மருமகள் போனில் என் வீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறாள். அப்பா நூலகத்தில் முழு நாள் வேலைக்கு ஒப்புக்கொண்டாராம், ஜூன் மாதம் குழுவுக்குப் போகப்போவதில்லையாம். ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம், எனக்கு மட்டும் தெரியவில்லை. பேன்ட் பிடித்துத் தருவாள், குழுவுக்கு முன்னால் நிற்பேன் என்று எனக்கு எழுதினீர்கள்.

நான் அந்த நாற்காலியில் யாருக்காக உட்கார்ந்திருக்கிறேன், மச்சான்? சிநேகிதர்கள் எல்லாம் கிண்டல் செய்கிறார்கள், “உன் மச்சான் என்ன மகாராஜாவா, அவருக்கு மட்டும்தான் மணியா?” என்று. ஆமாம் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் பேன்ட்டை நான்தான் போட்டுக்கொண்டு திரிகிறேன். என்னுடையது எதிலும் பட்டன் சேரவில்லை. இப்போது திருப்தியா?

பதில் வேண்டாம்.


ஏப்ரல் 18

மாப்பிள்ளை,

பதில் வேண்டாம் என்றாய். அதனால் பதில் எழுதவில்லை, கிளம்பி வருகிறேன். இந்தக் கடிதம் முந்துகிறதோ நான் முந்துகிறேனோ தெரியாது.

மகள் சொன்னது நிஜம். உன்னிடம் பேன்ட் கேட்ட அன்று எனக்குக் குழுவுக்குப் போகிற எண்ணம் இருந்தது. அப்புறம் ஒரு நாள் இங்கே மாடி பஸ்ஸில் போனேன். டிரைவருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தேன். மேலே பள்ளிக்கூடப் பிள்ளைகள் கால் உதைத்துக்கொண்டு வருகிற சத்தம். எனக்கு அன்றைக்கு நிறுத்தத்தில் வந்தது. ஓடும்போது வந்திருந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது, அந்த நினைப்பு அதற்கப்புறம் என்னை விட்டுப் போகவில்லை. ஓட்ட எனக்கு ஆசை இருக்கிறது. ஆனால் தைரியம் இல்லை. இதை உன்னிடம் சொல்லத்தான் பயந்தேன். நீ காத்திருக்கிறாய் என்று தெரியும். எங்கே உட்கார்ந்து காத்திருக்கிறாய் என்பதுதான் தெரியாது.

தங்கச்சிக்கு போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இந்த முறை “சாப்பிட்டாச்சா” கேட்கவில்லை. அவள் உன்னைத் திட்ட மாட்டாள், அழுவாள். அது உனக்கு இன்னும் கஷ்டம், நன்றாகப் படு.

பஸ் நிலையத்துக்கு என்னைக் கூப்பிட வராதே. மாடி இறங்காதே. நான் ஏறி வருகிறேன்.

உன் மச்சான்


மே 16

மாப்பிள்ளை,

வந்து சேர்ந்தேன். மகள் வாசலிலேயே நாடி பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டாள்.

உன்னிடம் ஆஸ்பத்திரியில் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். மூன்று மாடியையும் நிற்காமல் ஏறிக் காட்டி உன்னை வெட்கப்பட வைக்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். இரண்டாம் மாடித் திருப்பத்திலேயே நின்றுவிட்டேன். காலையில் கீழே போய்ப் பால் வாங்கி வந்த நீ, தையல்காரர் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாய். சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் “வாங்க மச்சான், சும்மா பேசிட்டிருக்கோம்” என்றாய். உனக்குப் பின்னால் நின்ற அந்த மனிதர், வாயில் குண்டூசியோடு, இல்லை என்று தலையை ஆட்டினார். கடவுள் அவரை நன்றாக வைத்திருக்கட்டும்.

இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் பேசிப் பயனில்லை என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். உன் ரத்தக் குழாய்க்குள் ஸ்டென்ட் வலை வைக்கிறவரைக்கும் நானும் தங்கச்சியும் வராந்தாவில் இருந்தோம். அவள் உட்கார்ந்திருந்தாள். என்னால் உட்கார முடியவில்லை, நடந்துகொண்டே இருந்தேன். எங்கேயும் போகாமல் நடப்பது எப்படி என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

மாத்திரையைத் தவற விடாதே. சிகரெட்டை நினைக்காதே. கவுண்டருக்குத் திரும்பாதே. டாக்டர் சரி என்று சொன்னதும், எனக்குப் பதில் வந்த பெண்ணின் வண்டியில் ஏறு. நான் பிழைப்புக்காக உட்கார்ந்தேன், நெஞ்சு கெட்டது. நீ எனக்காக உட்கார்ந்து கெடுத்துக்கொண்டாய். எனக்காக இன்னும் ஏதாவது செய்யத் தோன்றினால், எழுந்து நில்.

உன் மச்சான்


செப்டம்பர் 21

அன்புள்ள மச்சானுக்கு,

இதோடு ஒரு பார்சல் வரும். உங்கள் பேன்ட் இரண்டும் இருக்கிறது. அன்றைக்குப் படியில் பார்த்த உங்கள் இடுப்பை நினைவில் வைத்துத் தையல்காரர் பிடித்துக் கொடுத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். என் பேன்ட் எனக்கே சேருகிறது, மேல் பட்டனுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் ரோஷம் இருக்கிறது. சீருடை உங்களுக்கு எதற்கு என்று தெரியவில்லை. நூலகத்துக்குப் போட்டுக்கொண்டு போங்கள், திரும்பும்போது கை நீட்டினால் பொருத்தமாக இருக்கும்.

உங்கள் தங்கச்சி உப்பு டப்பாவை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். எடுக்கவில்லை. தினமும் சாயங்காலம் அவளும் நானும் கீழே இறங்கி நடக்கிறோம். இரண்டாம் மாடியில் இன்னமும் நிற்கிறேன், ஆனால் இப்போது நிஜமாகவே பேசத்தான். பதிலுக்கு அவரும் ஒரு வார்த்தை பேச ஆரம்பித்திருக்கிறார்.

நேற்று வேலைக்குப் போனேன். டாக்டர் அனுமதித்துவிட்டார். மூட்டை தூக்கக் கூடாது, மேல்மாடிக்கு நிதானமாக ஏற வேண்டும், முடியவில்லை என்றால் வாய் திறந்து சொல்ல வேண்டும். கடைசியாகச் சொன்னதை மட்டும் மூன்று தரம் சொன்னார். உங்கள் தங்கச்சி முன்னாலேயே போய்ச் சொல்லிவைத்திருப்பாள்.

கண்டக்டர் மாறுகிற இடம் மார்க்கெட் நிறுத்தம் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கேதான் ஏறினேன். அதே வண்டி, அதே கயிறு, நம் கை பட்டுப் பட்டு வழவழப்பான அதே கம்பி. ஆட்கள் ஏறி முடித்துவிட்டார்கள். முன்னால் கண்ணாடியில் அந்தச் சடை. வண்டி கோடு போட்ட மாதிரி நிற்கிறது. யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

ஒரு மணி அடித்தேன். கை அங்கேயே நின்றுவிட்டது. வலியெல்லாம் இல்லை மச்சான், பயப்படாதீர்கள். இன்னொன்று அடித்தால் நீங்கள் இல்லாமல் வண்டி நகர்ந்துவிடும், அவ்வளவுதான். ஒற்றை மணி கேட்டு அந்தப் பிள்ளை குழம்பிப்போய்த் திரும்பிப் பார்த்தாள். “என்ன மாமா, நிக்கவா, போகவா?” என்று கேட்டாள்.

“போம்மா” என்று சொல்லி இரண்டாவதையும் அடித்தேன்.

உங்கள் மாப்பிள்ளை